கணிப்பொறியின் சிக்கனமும் நம் காத்திருப்பும்

தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நம் போன்ற குடும்பங்களுக்குக் கணிப்பொறி ஓர் ஆடம்பரப் பொருள் என்று இன்று எவரும் சொல்லமாட்டார். டில்லிக் கரோல்பாகிலும், மும்பை மாட்டுங்காவிலும், கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்திலும் குடியிருக்கும் நம்மவர் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ரயிலில் இடம் பதிவு செய்வது அதன் மூலம்; ஊரிலுள்ள பெற்றோரின் முகம் காண்பது அதன் மூலம்; பிள்ளைகளின் தேர்வு விண்ணப்பம், வங்கிக் கணக்கு, ஊர் நிலத்தின் பட்டா விவரம் ஆகிய யாவற்றையும் கவனிப்பதும் அதன் மூலமே. இவற்றுள் பெரும்பாலானவை ‘பிரௌசர்’ என்று வழங்கும் உலாவியின் வழியாகவே நடைபெறுகின்றன.

அந்த உலாவி சுணங்கினால் நேரும் இடர் சிறிதன்று. ரயில் முன்பதிவை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. குறித்த நாளில் காலை 8 மணிக்குப் பதிவு தொடங்குகிறது. தட்கல் முறையிலோ குளிர்சாதன வகுப்புகளுக்குப் பயண நாளுக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கும், ஏனைய வகுப்புகளுக்கு 11 மணிக்கும் வாயில் திறக்கிறது. பண்டிகைக் காலத்தில் அந்த முதற் சில நிமிடங்களுக்குள் இடங்கள் தீர்ந்துவிடுவதை நம்மில் அறியாதார் யார்? ஒரு பக்கம் திறக்க ஐந்து வினாடி கூடுதலாக ஆகுமானால், அதன் விலை இரண்டு இரவுப் பயணத்தை நின்றுகொண்டே கழிப்பதாகவோ, பண்டிகைக்கு ஊர் போகாமலே இருந்துவிடுவதாகவோ முடியலாம்.

உலாவி மந்தமானவுடன் நாம் முதலில் குறை சொல்வது இணைய இணைப்பையே. அடுத்தபடியாகக் கணிப்பொறிக்கு வயதாகிவிட்டது என்கிறோம். மாதம் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து விரைவான இணைப்புக்கு மாறிய பிறகும் மந்தம் தீராத வீடுகள் உண்டு. புதிய மடிக்கணினி வாங்கி, அதுவும் சில வேளைகளில் அதே போல் தள்ளாடக் கண்டு திகைத்தவர்களும் உண்டு. இத்தகைய வீடுகள் பலவற்றில் குற்றவாளி வேறொருவர். மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்று கணிப்பொறியே தனக்கு விதித்துக்கொண்டிருக்கும் சிக்கனம்தான் அது. அது எவ்வாறு செயற்படுகிறது, அதனை எப்படிக் கண்டறிவது, எந்த அளவுக்குத் தளர்த்துவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சிக்கனத்தின் கணக்கு

கணிப்பொறியின் மூளையாக விளங்குவது பிராசஸர் என்னும் சில்லு. அதற்குள் ஒரு கடிகாரம் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வேலை ஓர் அடி நகர்கிறது என்று கொள்ளலாம். 3 ஜிகாஹெர்ட்ஸ் வேகம் என்றால் வினாடிக்கு 300 கோடித் துடிப்புகள் என்று பொருள். துடிப்பு விரைய விரைய மின்செலவும் ஏறும். விரைந்து துடிப்பதற்கு மின்னழுத்தத்தையும் உயர்த்தியாக வேண்டும். செலவாகும் மின்திறன், துடிப்பின் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் அமைகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேகத்தை 80 விழுக்காடாகவும் மின்னழுத்தத்தை 90 விழுக்காடாகவும் குறைத்தால், 0.8 × 0.9 × 0.9 என்ற பெருக்கத்தின்படி மின்செலவு 65 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவாக இறங்குகிறது. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகிறது! இந்த ஆதாயத்தைக் கண்டுதான் 2000ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ‘ஸ்பீட்ஸ்டெப்’ என்ற பெயரிலும், ஏ.எம்.டி. நிறுவனம் ‘பவர்நௌ’ என்ற பெயரிலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டை மடிக்கணினிகளில் புகுத்தின. இன்று இவ்வேற்பாடு இல்லாத கணிப்பொறியைக் காண்பது அரிது. மின்கலம் நீண்ட நேரம் நிற்பதும், பொறி சூடேறாமல் இருப்பதும், விசிறி இரையாமல் இருப்பதும் இதன் நன்மைகளே.

ஆனால் இச்சிக்கனம் எல்லை மீறும்போது தொல்லை தொடங்குகிறது. 300 கோடித் துடிப்புக்கு வல்ல பிராசஸர் 80 கோடித் துடிப்பிலேயே நிறுத்தி வைக்கப்படுமானால், ஒரு வினாடியில் முடிய வேண்டிய வேலைக்கு ஏறத்தாழ நான்கு வினாடி பிடிக்கும்.

உலாவி மட்டும் ஏன் தவிக்கிறது?

“கடிதம் எழுதும்போதும் கணக்குப் போடும்போதும் கணிப்பொறி நன்றாகத்தானே இருக்கிறது, உலாவியைத் திறந்தால் மட்டும் ஏன் முடங்குகிறது?” என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வியே.

இன்றைய இணையப் பக்கம் அச்சிட்ட தாள் போன்று அப்படியே வந்து சேர்வதில்லை. எழுத்தும் படமும் ஒருபுறம் வர, அவற்றை எப்படி அடுக்க வேண்டும், எதை அழுத்தினால் எது நிகழ வேண்டும் என்ற கட்டளைகள் மற்றொருபுறம் குவியலாக வருகின்றன. அக்கட்டளைகளைப் படித்து, பக்கத்தை அமைத்து, திரையில் தீட்டும் பொறுப்பு உலாவியினுடையது. இவ்வேலையின் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில்தான் நடைபெற்றாக வேண்டும். பிராசஸருக்குள் எட்டுக் கருக்கள் இருந்தாலும் அவை எட்டும் கூடி அதனைப் பங்கிட்டுக்கொள்ள இயலாது. வீட்டில் எட்டு அடுப்பு இருந்தாலும் ஒரு பானைச் சோறு ஓர் அடுப்பில்தானே வேகும்? அந்த அடுப்பின் தீயைத் தணித்துவிட்டால் மற்ற ஏழும் இருந்து என்ன பயன்?

மேலும், உலாவியின் வேலை திடீர் திடீரென்று வருவது. பொத்தானை அழுத்திய கணத்தில் பெருஞ்சுமை. அடுத்த கணத்தில் ஓய்வு. சுமை வந்த மாத்திரத்தில் வேகத்தை உயர்த்த வேண்டிய இயங்குதளம், சிக்கன முறையில் இருக்கும்போது தயங்கித் தயங்கியே உயர்த்துகிறது. உயர்த்துவதற்குள் நம் பொறுமை கரைந்துவிடுகிறது.

சிக்கனம் செய்வோர் ஐவர்

வேகத்தைக் குறைக்கும் அதிகாரம் ஒருவர் கையில் மட்டும் இல்லை. ஐந்து பேர் தனித்தனியே அதனைச் செய்யக்கூடும். ஒருவரைத் திருத்திவிட்டு மற்றவரை மறந்தால் குறை தீராது.

முதலாமவர் இயங்குதளத்தின் ‘பவர் மோட்’ என்னும் மின்முறை. விண்டோஸில் இது மூன்று நிலைகளில் அமைந்துள்ளது: மின்சிக்கனம், நடுநிலை, முழு வேகம் என்று அவற்றைச் சொல்லலாம். சிக்கன நிலையில் விட்டுவிட்டால் பிராசஸர் பெரும்பாலும் தாழ்ந்த வேகத்திலேயே நடை போடும்.

இரண்டாமவர் அதே இயங்குதளத்தின் ‘எனர்ஜி சேவர்’. முன்பு இதன் பெயர் ‘பாட்டரி சேவர்’. மின்கலத்தின் இருப்பு ஒரு குறித்த அளவுக்குக் கீழே இறங்கியதும் இது தானே விழித்துக்கொள்ளும். எப்பொழுதும் இயங்குமாறு அமைத்துவைக்கவும் இடம் உண்டு. அப்படி யாரேனும் அமைத்திருந்தால் சார்ஜர் செருகியிருக்கும்போதும் வேகம் மட்டுப்பட்டே இருக்கும். ஆப்பிளின் மடிக்கணினிகளில் 2021ஆம் ஆண்டு ‘மான்டரே’ பதிப்பு முதல் ‘லோ பவர் மோட்’ என்ற பெயரில் இத்தகைய ஏற்பாடு வந்துள்ளது.

மூன்றாமவர் உலாவியே. கூகிளின் குரோம் உலாவி 2022ஆம் ஆண்டின் இறுதியில் ‘எனர்ஜி சேவர்’, ‘மெமரி சேவர்’ என்ற இரண்டு ஏற்பாடுகளை வெளியிட்டது. முன்னது மின்கலம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியதும் காணொளியின் ஓட்டத்தையும் பக்கத்தை உருட்டும் நயத்தையும் குறைக்கிறது. பின்னது நெடுநேரம் பார்க்கப்படாத தாவல்களை நினைவிலிருந்து இறக்கிவிடுகிறது. அவற்றுக்கு நாம் திரும்பும்போது பக்கம் முதலிலிருந்து வர வேண்டியிருக்கிறது. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியில் ‘உறங்கும் தாவல்’ என்ற முறை 2021இல் வந்தது. குரோமில் அதே ஆண்டில் மற்றொரு கட்டுப்பாடும் சேர்ந்தது. 5 நிமிடத்துக்கு மேல் கண்ணுக்கு மறைந்திருக்கும் தாவலின் காலக் கணக்குப் பணிகள் நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே எழுப்பப்படுகின்றன.

நான்காமவர் வைஃபைக் கருவி. வேலையில்லாத இடைவெளிகளில் இது சிறு துயில் கொள்கிறது. ரௌட்டர் ஏறத்தாழ வினாடிக்குப் பத்து முறை ஓர் அறிவிப்பை ஒலிபரப்புகிறது. துயில்வோனுக்கு வந்த சரக்கை அது காத்துவைத்து, அவ்வறிவிப்பின் வழியே தெரிவிக்கிறது. கருவி விழித்துப் பெற்றுக்கொள்கிறது. ஒருமுறை நேரும் தாமதம் வினாடியில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு பக்கம் திறப்பதற்குள் போக்குவரத்து பலமுறை நிகழ்கிறது. தாமதம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. பெரிய கோப்பு ஒன்றை இறக்கும்போது கருவி உறங்குவதில்லை. ஆகையால் வேகச் சோதனையில் இணைப்பு நன்றாகவும், பக்கம் திறப்பதில் மட்டும் மந்தமாகவும் தோன்றுகிறது. இணைப்பு நிறுவனத்தாருக்கும் நமக்கும் ஓயாத வாக்குவாதம் விளைவது பல வேளைகளில் இதனால்தான்.

ஐந்தாமவர் பொறியின் பாதுகாவலர். சார்ஜர் போதிய மின்திறன் தராவிட்டாலும், மின்கலம் மூப்படைந்தாலும், தூசியடைத்து வெப்பம் மிகுந்தாலும் பொறி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. உடன் வந்த சார்ஜர் பழுதானதும் கடைவீதியில் மலிவாக வாங்கிய ஒன்றைச் செருகியவர்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். சில மடிக்கணினிகள் சார்ஜரை இனங்காண முடியாவிட்டாலே தாழ்ந்த வேகத்துக்கு இறங்கிவிடுகின்றன.

சோதித்து அறியும் முறை

மருந்துக்கு முன் சோதனை வேண்டும். பின்வரும் சோதனைகளுக்குச் செலவு ஏதும் இல்லை.

முதலில், மந்தமாக இருக்கும் வேளையில் அதே வைஃபை இணைப்பில் மற்றொரு கருவியைக் கொண்டு அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கும் மந்தமானால் குறை இணைப்பிலோ அந்தத் தளத்திலோ இருக்கலாம். அங்கு விரைவாகத் திறந்தால் குறை நம் கணிப்பொறியில்.

இரண்டாவதாக, கணிப்பொறியுடன் வந்த சார்ஜரைச் செருகி, மின்முறையை முழு வேகத்துக்கு மாற்றி, உலாவியை மூடித் திறந்து பாருங்கள். வேறுபாடு கண்கூடாகத் தெரியுமானால் நோய் இன்னதென்று விளங்கிவிட்டது.

மூன்றாவதாக, விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் பிராசஸரின் தற்போதைய வேகமும் அடிப்படை வேகமும் ஜிகாஹெர்ட்ஸில் காட்டப்படும். சும்மா இருக்கும்போது வேகம் தாழ்ந்திருப்பது இயல்பே. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். கனமான பக்கம் ஒன்றைத் திறக்கும்போதும் அது அடிப்படை வேகத்தைத் தொடாமல் கீழேயே கிடந்தால், யாரோ கடிவாளத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று அறியலாம்.

எண்ணில் பார்க்க விரும்புவோருக்கு ‘ஸ்பீடோமீட்டர்’ என்ற சோதனைப் பக்கம் இருக்கிறது. உலாவிகளைச் செய்யும் நிறுவனங்கள் கூடி 2024இல் அதன் மூன்றாம் பதிப்பை வெளியிட்டன. சிக்கன நிலையில் ஒருமுறையும், முழு வேக நிலையில் ஒருமுறையும் அதனை ஓட்டி இரண்டு மதிப்பெண்களையும் ஒப்பிடலாம். மதிப்பெண் உயர்ந்தால் வேகம் உயர்ந்தது என்று பொருள்.

பரிகாரம்

சோதனையில் ஐயம் உறுதிப்பட்டால் ஒவ்வொன்றாகத் திருத்துவோம். ஒரே மூச்சில் யாவற்றையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமற் போகும்.

விண்டோஸ் 11இல் ‘செட்டிங்ஸ்’ என்ற அமைப்பைத் திறந்து, ‘சிஸ்டம்’, ‘பவர் அண்ட் பாட்டரி’ என்று சென்றால் ‘பவர் மோட்’ காணப்படும். சார்ஜர் செருகியிருக்கும் வேளைக்கு ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அதே இடத்தில் ‘எனர்ஜி சேவர்’ எப்பொழுதும் இயங்குமாறு இருந்தால் அதனை நிறுத்துக.

அடுத்து, பழைய ‘கன்ட்ரோல் பேனல்’ வழியே ‘பவர் ஆப்ஷன்ஸ்’ என்பதன் மேல்நிலை அமைப்புக்குச் செல்க. அங்கே பிராசஸரின் உச்ச அளவு 100 விழுக்காடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெப்பத்தைக் குறைக்கலாம் என்று கேள்விப்பட்டு இதனை 99 ஆக்கி வைத்திருப்போர் உண்டு. ஒரு விழுக்காடுதானே என்று எண்ண வேண்டாம். தேவைப்படும்போது அடிப்படை வேகத்துக்கு மேலே பாயும் ஆற்றல் அதனாலேயே நின்றுபோகும். வைஃபைக் கருவியின் சிக்கனமும் அங்கே இருக்கும். அதனை ‘மாக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்கலாம். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் இவ்விடங்கள் கண்ணுக்குத் தென்படுவதில்லை. அவற்றில் பவர் மோட் ஒன்றை மாற்றுவதே போதும்.

உலாவிக்கு வருவோம். குரோமின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற தலைப்பின்கீழ் மேலே சொன்ன இரண்டு ஏற்பாடுகளும் இருக்கின்றன. மெமரி சேவரை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. எந்தெந்தத் தளங்கள் உறங்கலாகாது என்று ஒரு பட்டியல் கொடுக்க அங்கே வழியிருக்கிறது. வங்கி, ரயில் பதிவு, பிள்ளைகளின் பாடத்தளம் ஆகியவற்றை அதிற் சேர்த்துவிட்டால் போதும். எட்ஜிலும் இத்தகைய பட்டியல் உண்டு.

பதிவு நாளன்று மட்டும் சில காரியங்களை வழக்கமாக்கிக்கொள்ளலாம். கால் மணி நேரம் முன்பே சார்ஜரைச் செருகுக. முழு வேக நிலைக்கு மாற்றுக. தேவையற்ற தாவல்களை மூடுக. பதிவுப் பக்கத்தைப் பின்னால் மறைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிராமல், அதனைத் திரையின் முன்னிலையிலேயே வைத்திருங்கள். மறைந்த தாவலின் காலக் கணக்கு நிமிடத்துக்கு ஒருமுறையே எழுப்பப்படலாம் என்பதை மறவாதீர்கள். கூடுமானால் வைஃபையைத் தவிர்த்து ரௌட்டரிலிருந்து நேரே கம்பியை இணைத்துக்கொள்வது மேலும் நலம்.

ஊரிலிருக்கும் பெரியோரின் கைபேசி

இவ்விஷயம் கணிப்பொறியோடு நிற்பதில்லை. ஊரிலிருக்கும் தாய் தந்தையரின் கைபேசியிலும் இதே சிக்கனம் வேலை செய்கிறது. ஆண்ட்ராய்டில் 2014 முதலும், ஐபோனில் 2015 முதலும் மின்கலச் சிக்கன முறை இருந்து வருகிறது. ஐபோனில் அது இயங்கும்போது மேலேயுள்ள மின்கலக் குறி மஞ்சளாகும். “முகம் நின்று நின்று தெரிகிறதே, வாட்ஸ்அப் செய்தி நேரத்துக்கு வரவில்லையே” என்று அம்மா வருந்தினால், அம்முறை அணையாமல் கிடக்கிறதா என்று முதலில் கேட்டறியுங்கள். எப்போதோ ஒருநாள் மின்சாரம் இல்லாதபோது யாரோ இயக்கிவைத்தது அப்படியே நின்றிருக்கலாம்.

மின்கலத்தின் மூப்பையும் கருத வேண்டும். மூப்படைந்த மின்கலத்தையுடைய சில ஐபோன்களின் வேகத்தைக் குறைத்து வந்ததை ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. மின்கலம் திடீரென்று கைவிட்டுக் கருவி அணைந்துபோவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாகவும் கூறியது. அதன் பின்னர் 2018இல் மின்கலத்தின் உடல்நிலையைக் காட்டும் பகுதி அமைப்பில் சேர்க்கப்பட்டது. இத்தகைய கருவிகளுக்குப் புதிய மின்கலம் போட்டாலே இழந்த வேகம் மீள்வதுண்டு. புதிய கைபேசி வாங்கும் பெருஞ்செலவு அதனால் மிஞ்சும்.

எல்லை அறிதல்

இவ்வளவும் கூறியதால் சிக்கனம் தீமை என்பது நம் கருத்தாகாது. முழு வேகத்திலேயே எப்போதும் ஓட்டினால் மின்கலம் விரைவில் தீரும், பொறி சூடேறும், விசிறி ஓயாது இரையும். ரயிலில் செல்லும்போதும், மின்தடை மிகுந்த ஊரில் பிள்ளை படிக்கும்போதும் சிக்கன முறையே நமக்குத் துணை. ஆகவே, சார்ஜர் செருகியபோது முழு வேகம், மின்கலத்தில் ஓடும்போது நடுநிலை, இருப்பு குறையும்போது சிக்கனம் என்று மூன்றாக வகுத்துக்கொள்வதே நேரான வழி.

இவ்வளவும் செய்த பின்னரும் மந்தம் தீராவிட்டால் காரணம் வேறாக இருக்க வேண்டும். நினைவகம் போதாமை, உலாவியில் சேர்த்துக்கொண்ட மிகையான இணைப்புக் கருவிகள், விசிறியில் படிந்த தூசி, பழைய சுழலும் வட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். அப்பொழுதும் நம் சோதனை வீணாகாது. எது காரணமன்று என்று தெரிந்ததும் பழுது பார்ப்பவரிடம் தெளிவாகச் சொல்லலாம்.

நம் சங்கத்தில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் இளைஞர் பலர் இருக்கின்றனர். தனியே வாழும் முதியோரும் பலர் இருக்கின்றனர். மேலே கூறிய சோதனைகளை முடிக்க அரை மணி நேரம் போதும். அடுத்த பண்டிகைப் பதிவு தொடங்குவதற்கு முன், இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு முதியவர் வீட்டுக்குச் சென்று இவ்வுதவியைச் செய்வாராயின், அது காசு செலவில்லாத தொண்டு. காலை 8 மணிக்குப் பொறி தூங்காமல் இருந்தால், அவ்வீட்டாருக்கும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஓர் இடம் கிடைக்கும் வாய்ப்புக் கூடும்.